தலைச்சனுக்கு ரயில் காட்டினார்கள்

போன மாதம் என் மகன் ஒரு வேன் பிடித்தான். பேரப்பிள்ளைகளுக்குப் பழைய ரயில் பாலம், மலையைக் குடைந்த குகை, கல் எடுத்த பள்ளம் எல்லாம் காட்ட வேண்டும் என்றான். இப்போது அதெல்லாம் பார்க்கப் போகிற இடங்களாகிவிட்டன. போகிறவர்கள் செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். செங்கோட்டையைத் தாண்டி, பதிமூன்று கண் பாலத்தடியில் எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. முட்டு வலிக்கிறது என்று சொன்னேன்.

முட்டு வலிக்கவில்லை. பிள்ளைகளிடம் அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. உங்களுக்கும் என் வயதுதான் இருக்கும். கரி எஞ்சினைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளை பிடிக்கிறவன் வருகிறான் என்று கதவடைத்த காலத்தையும் பார்த்திருப்பீர்கள். உங்களிடம் சொல்லலாம்.

எனக்கு அப்போது ஏழோ எட்டோ வயது. எங்கள் ஊர் புதூர்ப் பக்கம். ஆடு மேய்ப்புதான் பிழைப்பு. கொஞ்சம் மானாவாரி நிலம் உண்டு. அந்த வருஷம் மழை இல்லை. கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்பில் நான் கையை விட்டுப் பார்ப்பேன். முழங்கை வரை போகும். உள்ளே சூடாக இருக்கும். குட்டிகளின் கால் அதில் மாட்டி ஒடிந்துபோகும். ஒடிந்ததை விற்க முடியாது.

ஊருக்குக் கிழக்கே ஓடையில் ரோட்டுக்குப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தூண் எழுப்ப எழுப்பச் சாய்ந்தது. கரிசல் மண் அப்படித்தான், இளகும், இறுகும். ஆனால் ஊரில் வேறு பேச்சு வந்தது. பாலம் தலைச்சன் பிள்ளை கேட்கிறது என்றார்கள். வீட்டில் முதலில் பிறந்த பிள்ளை. உடம்பில் ஊனம் இருக்கக் கூடாது. பிடித்துப்போய்த் தூணுக்கு அடியில் கொடுத்துவிட்டால் பாலம் நிற்கும். இதைக் கேட்டதும் பள்ளிக்கூடம் பாதி காலியாகிவிட்டது.

பெண்ணானாலும் எங்கள் வீட்டில் நான்தான் தலைச்சன். எனக்குக் கீழே மூன்று தம்பிகள். கடைசி கைக்குழந்தை. நான் என் கைவிரல், கால்விரல், பல் எல்லாம் தடவிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு அதுதான் கவலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் கிடா வெட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். கோயில் முன்னால் கிடாயை நிறுத்தித் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது தலையையும் உடம்பையும் உதறிச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம். உடனே வெட்டு. சிலுப்பாவிட்டால் வெட்ட மாட்டார்கள். மறுபடி ஊற்றுவார்கள். காதில் ஊதுவார்கள். நல்ல வார்த்தை சொல்லுவார்கள். எங்கள் அப்பா அதில் கெட்டிக்காரர். கிடாய்க்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்காருவார். "தலைய ஆட்டிரு சாமி, வீட்டுக்குப் போயிருவோம்" என்பார். கிடா அவர் குரலை நம்பிச் சிலுப்பும்.

ஒரே ஒரு கிடா சிலுப்பவில்லை. அப்பா எவ்வளவோ கெஞ்சினார். கல் மாதிரி நின்றது. கடைசியில் அவிழ்த்துக்கொண்டு வந்து பட்டியில் விட்டார்கள். அது நெடுநாள் இருந்தது. கிழடாகி, பல் விழுந்து, தானாகச் செத்தது. எனக்கு அந்தக் கிடாயைத்தான் பிடிக்கும்.

ஆனி மாதம் அத்தையும் மாமாவும் வந்தார்கள். அத்தை அப்பாவுக்கு அக்கா. மாமா ரயில்வேயில் கேங் மேஸ்திரி. செங்கோட்டைக்கு மேற்கே, மலை தொடங்குகிற இடத்தில், தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்கிற ஆட்களுக்கு அவர்தான் தலைமை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. என்னைக் கேட்டு வந்திருந்தார்கள், வளர்ப்பதற்கு.

எங்களிடம் அதை யாரும் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளை அழும், ரயில் காட்டுகிறோம் என்று கூட்டிப் போவோம், இடம் பழகிவிட்டால் தானே இருந்துகொள்ளும் என்று பெரியவர்கள் நினைத்தார்கள். அம்மா மட்டும் ஒரு வாக்கு வாங்கியிருந்தாள். பிள்ளை மாட்டேன் என்றால் திருப்பிக் கூட்டி வந்துவிட வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தவை. அப்போது தெரிந்தது, பட்டிக்குப் பின்னால் நின்று கேட்டது மட்டும்.

"மூத்ததைக் குடுக்கதுக்கு மனசு வரமாட்டேங்கு அத்தான்" என்றார் அப்பா.

"ஒண்ணைக் குடுத்தா மத்த மூணும் வயிறாரத் திங்கும்ல" என்றார் மாமா. "நீ ஏன் கெடந்து கலங்குத? போற வழியில எல்லாத்தையும் காட்டுதேன். பாலத்துக்கிட்ட வச்சுக் கேட்டுக்கிடுவோம்."

அவ்வளவுதான் கேட்டேன். மூச்சு விடாமல் நின்றேன். ஒரு ஆடு என் பாவாடையைக் கடித்து இழுத்தது. அதைத் தள்ளக்கூட இல்லை.

மறுநாள் காலை அம்மா எனக்கு எண்ணெய் தேய்த்தாள். மஞ்சள் தேய்த்தாள். அவித்த முட்டை தந்தாள், தம்பிகளுக்குக் கூட இல்லை, எனக்கு மட்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது காதில் போய்விட்டது. நான் தலையை உதறினேன். உதறிய பிறகுதான் கிடா நினைப்பு வந்தது. அம்மாவைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

இது கோயில் இல்லை, வீட்டுக் கொல்லைதான், இது சேராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பச்சைச் சீட்டிப் பாவாடை புதிதாகக் கட்டிவிட்டாள். தலையில் கதம்பம் வைத்தாள். வாசலில் வந்து நிற்கவில்லை. உள்ளே கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன் என்று இருந்துவிட்டாள்.

ஊர் எல்லையில் பிளசர் நின்றது. அப்போது காரை எல்லோரும் பிளசர் என்றுதான் சொல்லுவோம். கறுப்பு வண்டி. குற்றாலத்தில் குளிக்கப் போன ஒரு குடும்பத்தை மறுநாள் திருப்பி ஏற்ற வேண்டுமாம். அதுவரை காலி. டிரைவர் மாமாவுக்குச் சேக்காளி, பழைய சிநேகிதர். மாமா கேட்டதும் ஏற்றிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். முன்னால் டிரைவரும் மாமாவும். பின்னால் அத்தை, நான், அப்பா. நடுவில் உட்கார்ந்தால் கதவு எட்டாது. நான் அதைப் பார்த்துக்கொண்டேன்.

"ஏட்டி, ரயிலு பாத்திருக்கியா?" என்று டிரைவர் கேட்டார்.

நான் தலையை ஆட்டவில்லை. வாயையும் திறக்கவில்லை.

"என்ன மேஸ்திரி அண்ணாச்சி, பிள்ளைக்குக் கழுத்துல சுளுக்கா? கம்பத்தை முழுங்கின மாதிரில்லா உக்காந்திருக்கு."

"பயப்படுதா. எஞ்சினைப் பாத்தா தெளிஞ்சிருவா" என்றார் மாமா.

"தலைச்சனா?"

"ஆமா, மூத்தது."

"அப்பம் பாலத்துப் பக்கம் பாத்துக் கூட்டிட்டுப் போங்க" என்று டிரைவர் சிரித்தார். மாமாவும் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

கடம்பூர் ஸ்டேஷனில் நிறுத்தினார்கள். மாமா முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த இடம். அங்கே எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கிற இரும்புக் குழாய் இருந்தது. யானைத் துதிக்கை மாதிரி வளைந்து நிற்கும். நுனியில் தோல் பை தொங்கும். மாமா அதைத் தடவித் தடவிக் காட்டினார். வெள்ளைக்காரன் காலத்துக் குழாய், எத்தனை எஞ்சின் குடித்திருக்கும் தெரியுமா என்றார். எனக்கு அது குனிந்து என் தலையைப் பார்க்கிற மாதிரி இருந்தது. நான் அதன் நிழலில்கூட நிற்கவில்லை.

எஞ்சின் வந்தது. தரை அதிர்ந்தது. அதன் மூச்சு என் முகத்தில் சுட்டது. கரிப்புகை நாக்கில் கசந்தது. உள்ளே நெருப்பை அள்ளிப் போடுகிற ஆள் முழுக்கக் கறுப்பாக இருந்தார். கண் மட்டும் வெள்ளை. என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்.

"பாத்தியாட்டி, எப்பேர்ப்பட்ட சாமான்!" என்றார் மாமா.

போளி வாங்கித் தந்தார்கள். இலையில் வைத்து, சூடாக. அதற்கு முன் நான் தின்றதில்லை. வெட்டப்போகிற கிடாய்க்குக் காலையில் அகத்திக்குழை போடுவார்கள். அது நினைப்பு வந்தது. ஆனாலும் தின்றேன். இனிப்பு தொண்டையில் இறங்கும்போது அழுகை ஏறி வந்தது. இரண்டும் ஒன்றாக மோதின. அத்தை என் வாயைத் தன் முந்தானையால் துடைத்தாள். துடைக்கும்போது என் முகம் நகராமல் பார்த்துக்கொண்டேன்.

வெயில் ஏறியபோது சுண்ணாம்புக்கல் எடுக்கிற பள்ளத்துக்குப் போனோம். டிரைவர் முன்பு அங்கே லாரி ஓட்டியவர். எங்களுக்கு அதைக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. எங்கள் ஊரில் மண் கறுப்பு. இங்கே மண், கல், மரம், ஆள் எல்லாம் வெள்ளை. கண் கூசியது. பள்ளம் படிப்படியாக இறங்கியது. கீழே லாரி தீப்பெட்டி மாதிரி தெரிந்தது. அதற்கும் கீழே பச்சையாகத் தண்ணீர். கல் ஏற்றுகிற தொட்டிவண்டிகள் சின்னத் தண்டவாளத்தில் வரிசையாக நின்றன. அந்தத் தண்டவாளம் பெரிய ரயில் பாதை வரை போகிறது என்று மாமா சொன்னார்.

"இந்தப் பள்ளம் எத்தனை பேரைத் தின்னுருக்கு தெரியுமா அண்ணாச்சி" என்றார் டிரைவர். "இன்னும் பசி அடங்கலைம்பாவ."

விளிம்பில் ஒரு கல்லுக்குச் சிவப்பு பூசி வைத்திருந்தார்கள். முனி. பக்கத்தில் பானையில் தண்ணீர். புதிதாக வருகிற யாரும் அந்தத் தண்ணீர் தெளிக்காமல் விளிம்புக்குப் போகக் கூடாது, போனால் முனி தள்ளிவிடும் என்று அங்கே ஒரு வழக்கம். காவல்காரர் வேப்பங்குழையைப் பானையில் முக்கினார்.

அப்பாவின் விரலைப் பிடித்திருந்தேன். அவர் விடுவித்துக்கொண்டு கும்பிடக் கையைக் கூப்பினார்.

தண்ணீர் நெற்றியில் விழுந்தது. மூக்கு வழியாக இறங்கியது. உதட்டில் உப்பாக இருந்தது, அது என் வியர்வை. பெரியவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். நான் அசையவில்லை. அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதியது. எல்லோரும் தள்ளி நின்றார்கள். கீழே வேட்டு வெடித்தது. காலடியில் பூமி ஒரு முறை தூக்கிப்போட்டது. வெள்ளைப் புகை எழும்பி எங்கள் மேல் வந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நாக்கில் ரத்தம் ருசித்தது.

"நல்ல நெஞ்சழுத்தமான பிள்ளை. பெரிய ஆளுகளே துள்ளுவாவ" என்றார் காவல்காரர்.

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பெருமை இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். அப்போது, இன்னும் சிலுப்பவில்லையே என்று பார்க்கிறார் என்று நினைத்தேன்.

திருநெல்வேலி, தென்காசி என்று போனோம். மலை தெரிய ஆரம்பித்ததும் சாரல் பிடித்தது. அங்கே அது சீசன். அத்தை கண்ணாடியை இறக்கி, "மழைட்டி, மழை! கையை நீட்டு" என்றாள். ஊரில் மழை பார்த்து எத்தனை மாதமோ. அப்பா கையை வெளியே நீட்டி, நனைந்த கையை முகத்தில் தடவிக்கொண்டார். நான் அப்பாவின் துண்டை உருவி என் தலைமேல் போட்டுக்கொண்டேன். இந்த ஊரில் தண்ணீர் யாரும் ஊற்றாமலே தலையில் விழுகிறது. எத்தனை நேரம் தாங்குவேன்?

மாமாவின் வீடு தண்டவாளத்து ஓரம். ரயில்வே லயன் வீடு, ஓட்டுக்கூரை. அத்தை எனக்கு என்று ஒரு சின்னச் சீப்பும் ஒரு பூப்போட்ட தட்டும் வாங்கி வைத்திருந்தாள். நெல்லுச்சோறு போட்டாள். சின்ன வெங்காயக் குழம்பு. அப்பா மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். நான் துண்டைத் தலையில் இருந்து எடுக்கவில்லை.

"குளிருதா தாயி?" என்று அத்தை கேட்டாள். பதில் சொல்லவில்லை. அவள் முகம் சுருங்கிப்போனது. எனக்கு அவளைப் பிடிக்கவில்லை என்று நினைத்திருப்பாள் பாவம்.

காலையில் குகை பார்க்கக் கூட்டிப்போனார்கள். அத்தை வரவில்லை. டிரைவர் வண்டியில் தூங்கினார். மாமா அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டார். மலையில் ஒரு வாய் திறந்திருந்தது. தண்டவாளம் அதற்குள் போய் இருட்டில் முடிந்தது. உள்ளேயிருந்து குளிர் வந்தது. பழைய புகை நாற்றம் வந்தது.

உள்ளே மேலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. துண்டு நனைந்து கனத்தது. ஒவ்வொரு சொட்டும் உச்சியில் விழும்போது கழுத்து நரம்பு இழுக்கும். அடக்குவேன். மாமா சுவரைத் தட்டிக் காட்டிக்கொண்டே போனார்.

"கையால குடைஞ்சதாக்கும். ரெண்டு பக்கமும் குடைஞ்சிட்டு வந்து நடுவுல சேந்துருக்கான். எத்தனை உசுரு போச்சோ, யாரு கணக்கு வச்சா?"

"இப்பம் ஒண்ணும் கேக்காதே?" என்று அப்பா கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டிருப்பார்.

"வருசத்துக்கு ஒருக்கா நாங்க ஒரு கிடா குடுத்திருதோம்ல" என்றார் மாமா.

அப்புறம்தான் ரயில் வந்தது. மாமாவுக்கு அந்த நேரம் தெரியும். தெரிந்தேதான் கூட்டிவந்தார். பயம் தெளிய வேண்டுமென்றால் ஒரு முறை பக்கத்தில் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். குகைச் சுவரில் ஆள் ஒதுங்க ஒரு மாடம் உண்டு. அதற்குள் எங்களை நெருக்கி நிறுத்தி, தன் முதுகால் மறைத்துக்கொண்டார்.

முதலில் தண்டவாளம் முனகியது. பிறகு காற்று நெஞ்சை அமுக்கியது. பிறகு சத்தம். அதைச் சத்தம் என்று சொல்லக் கூடாது. மலை என் மேல் விழுந்த மாதிரி. சூடு, புகை, தீப்பொறி. விளக்கு அணைந்துவிட்டது. அப்பாவின் கை என் மார்பைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தது. காப்பாற்றப் பிடித்தாரா, நழுவாமல் பிடித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கத்தியிருக்கலாம். யாருக்கும் கேட்டிருக்காது. கத்தவில்லை.

வெளியே வந்தபோது மாமா முகமெல்லாம் கரி. "எப்படி!" என்று கேட்டுச் சிரித்தார். அப்பாவுக்குப் பீடி பற்றவைக்க முடியவில்லை. என் பாவாடை நனைந்திருந்தது. சாரல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அங்கிருந்து வண்டியில் அந்தப் பதிமூன்று கண் பாலத்துக்குப் போனோம். அத்தையும் வந்தாள். மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். கையில் தேங்காய், சூடம்.

பாலம் மலைக்கும் மலைக்கும் நடுவில் நின்றது. அவ்வளவு உயரத்தில் கல் தூண்களை நான் பார்த்ததில்லை. ஒன்றுகூடச் சாயவில்லை. இத்தனை தூண் சாயாமல் நிற்கிறதென்றால் எத்தனை தலைச்சன் என்று நினைத்தேன். ஒவ்வொரு தூணாகப் பார்த்தேன். எங்கேயாவது ஒரு கல் வைக்காமல் இடம் விட்டிருக்கிறதா என்று தேடினேன்.

தூண் அடியில் ஒரு நடுகல். கேங் ஆட்கள் கும்பிடுகிறது. மாமா சூடம் ஏற்றினார். தேங்காயை உடைத்தார். அந்தத் தண்ணீரைக் கல்லின் மேல் ஊற்றி, மிச்சத்தை எங்கள் தலையில் தெளித்தார். என் தலையில் இருந்த துண்டை அத்தை எடுத்துவிட்டாள், சாமி முன்னால் மூடக் கூடாது என்று. சாரலும் விழுந்துகொண்டிருந்தது.

அப்பா என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"ஏட்டி தாயி" என்றார். கிடாய்களிடம் பேசுகிற அதே குரல். "அத்தையும் மாமாவும் உன்னைய இங்கனயே வச்சுக்கிடணும்னு ஆசைப்படுதாவ. உனக்கு இஷ்டந்தானா?"

தேங்காய்த் தண்ணீர் கண்ணுக்குள் இறங்கியது. இமைக்கவில்லை.

"இஷ்டம் இல்லேன்னா சொல்லிரு. வாயால சொல்லக் கூச்சமா இருந்தா தலைய ஆட்டிரு. அப்பா உன்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருதேன்."

தலையை ஆட்டிரு, வீட்டுக்குப் போயிருவோம். அந்த வார்த்தையை நம்பி எத்தனை கிடா சிலுப்பியதைப் பார்த்திருக்கிறேன். நான் தூணைப் பார்த்தேன். காதுக்குள் தண்ணீர் ஊர்ந்தது. ஈ ஊர்கிற மாதிரி இருந்தது. விரல்களைப் பாவாடையில் முறுக்கிக்கொண்டேன்.

"ஏட்டி. தலைய ஆட்டிருதியா?" அப்பாவின் குரல் உடைந்தது. கெஞ்சினார். நான் மாட்டேன் என்பதைச் சாக்காக வைத்து என்னைத் திருப்பிக் கொண்டுபோக அவர்தான் வழி தேடியிருக்கிறார். அது எனக்கு அறுபது வயதில் தெரிகிறது.

அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டிரைவர் ஹாரன் அடித்தார்.

அப்பா எழுந்தார். "அவளுக்குச் சம்மதம்க்கா" என்றார். வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். சிலுப்பாத கிடாயை அவிழ்த்துவிடுவார்கள். நான் ஓடிப்போய் பிளசரில் ஏறிக் கதவு ஓரமாக உட்கார்ந்தேன். கால் தானாக ஆடியது. சிரித்தேன்கூட.

"பாத்தியா, வீட்டுக்குப் போக என்ன அவசரம்!" என்றார் மாமா.

வண்டி லயன் வீட்டு முன்னால் நின்றது. மாமா இறங்கினார். அத்தை இறங்கி என் கையைப் பிடித்து இறக்கினாள். அப்பா இறங்கவில்லை. முன் சீட்டில் இருந்தார். கண்ணாடி ஏற்றியிருந்தது, அதில் தண்ணீர் வழிந்தது. அவர் முகம் கலங்கலாகத் தெரிந்தது. அவர் கையைத் தூக்கினாரா என்று தெரியவில்லை. வண்டி கிளம்பியது. சாரலில் சத்தம் சீக்கிரம் அமுங்கிவிட்டது.

குற்றாலத்தில் அந்தக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திரும்ப வருவார் என்று வாசலில் நின்றேன். அழவில்லை. அழுதால் உடம்பு குலுங்கும்.

"அழவே இல்ல பாத்துக்கிடு. ஒட்டிக்கிட்டா" என்று அத்தை பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அத்தை என்னை நன்றாகத்தான் வைத்துக்கொண்டாள். அதைச் சொல்லாவிட்டால் நாக்கு அழுகிவிடும். பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அஞ்சாவது வரை போனேன். ஆனால் தலைக்குக் குளிப்பாட்டுவது மட்டும் பெரும்பாடு. தண்ணீரைக் கண்டாலே நான் விறைத்துப்போவேன். தலை அழுக்கேறி நாறும். ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, வெளியே அடை மழை, அத்தை சீயக்காய் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன்ட்டி இப்படி விறைக்க? நான் உன்னைய என்ன செஞ்சேன்?"

மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று தோன்றியது. சொன்னேன். ஓடைப் பாலம், கிடா, பள்ளம், குகை, அப்பா கேட்டது, எல்லாம்.

அத்தை முதலில் சிரித்தாள். பிறகு என் தலையில் இருந்த கை நின்றுவிட்டது.

"அப்பம் உனக்கு இங்கன இருக்க இஷ்டம்னு நீ சொல்லலையா?"

"இல்ல."

"வீட்டுக்குப் போகத்தான் ஏறி உக்காந்தியா?"

"ஆமா."

சீயக்காய் கண்ணில் எரிந்தது. பிறகு தண்ணீரை எடுத்து, மெதுவாக, ஒரு கையால் என் கண்ணை மறைத்துக்கொண்டு ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே குனிந்து என் காதுக்கிட்ட சொன்னாள்.

"இதை யாருட்டயும் சொல்லிராத தாயி. உங்க அம்மாட்ட சொல்லிராத. சொன்னா உன்னையக் கூட்டிட்டுப் போயிருவாவ."

பெரிய ஆள் ஒருவர் என்னைப் பார்த்துப் பயப்பட்டது அதுதான் முதல் தடவை.

அந்த வருஷம் ஊரிலும் மழை நன்றாகப் பெய்துவிட்டது. தை பிறந்து அப்பா வந்தார். கம்பும் உளுந்தும் ஒரு பையில் கொண்டுவந்தார். ஓடைப் பாலம் கட்டி முடித்துவிட்டார்கள் என்றார். நான் யாரைக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். அப்பாவுக்குப் புரியவில்லை.

"உங்க அம்மா ஒருக்கா கேட்டுட்டு வரச் சொன்னா" என்றார். "இப்பம் வெள்ளாமை இருக்கு. நீ வரணும்னா வா. அக்கா ஒண்ணும் நெனைக்க மாட்டா. வாரியா?"

அத்தை அடுப்படி வாசலில் நின்றாள். முந்தானையை வாயில் வைத்துக் கடித்திருந்தாள். கண் என் மேலேயே இருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அசையவில்லை. அப்படி நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"நான் இங்கன இருக்கேன்ப்பா" என்றேன். இந்த முறை வாயால் சொன்னேன்.

அப்பா சாயங்கால ரயிலில் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஊரிலிருந்து யார் வந்தாலும் அத்தைக்குக் கை ஓடாது. பால் பொங்கி வழியும். குழம்பில் உப்பு இரண்டு தடவை விழும். நான் யாரோடும் தனியாகப் பேசிவிடாமல் சுற்றிச் சுற்றி வருவாள். எனக்குக் கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்த பிறகும், பார்க்கும்போதெல்லாம் "அம்மாட்ட ஒண்ணும் சொல்லலையேட்டி?" என்று கேட்பாள். சாகும் வரை கேட்டாள்.

அம்மா அவளுக்குப் பிறகும் சில வருஷம் இருந்தாள். நான் போவேன். என் தம்பிமார் எல்லோரும் வாயோரம் நசுங்கின பித்தளை டம்ளரில் குடிப்பார்கள். எனக்கு மட்டும் அம்மா பரணில் இருந்து எவர்சில்வர் டம்ளரை எடுத்து, கழுவி, துடைத்து, காப்பி ஊற்றி, தட்டில் வைத்துக் கொண்டுவருவாள். வெளியாட்களுக்கு எடுக்கிற டம்ளர்.

"உனக்கு அங்கனதான பிடிச்சுது" என்பாள். கோபமாகச் சொல்ல மாட்டாள். விசாரிப்பது மாதிரிதான் சொல்லுவாள்.

சொல்லியிருக்கலாம். அத்தைதான் போய்விட்டாளே. ஆனால் சொன்னால், இருக்கிற மிச்ச நாளெல்லாம் அம்மா அந்தப் பாலத்தடியில் நிற்பாள். அங்கே நிற்பது எப்படி என்று நான் அறிவேன்.

"ஆமாம்மா, பிடிச்சுது" என்பேன். காப்பி சூடாக இருக்கும். ஊதி ஊதிக் குடித்துவிட்டு, டம்ளரை அலசிக் கவிழ்த்துவிட்டு வருவேன்.